செட்டிநாட்டு வீட்டின் வண்ணமும் வடிவமும்: அலங்காரத்தில் மரபு எது?

1. ஆய்வுக்குரிய கேள்வி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்) கட்டிய பெருவீடுகள், தமிழ்நாட்டு இல்ல அலங்காரத்தின் உச்சமாகப் பேசப்படுகின்றன. இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இவ்வீடுகள் பரவியுள்ளன. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானியப் பூ ஓடு, முட்டைப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் எழும் புதிய வீடுகள், விடுதிகள், உணவகங்கள் பலவற்றில் இவற்றுள் ஒன்றிரண்டேனும் ‘பாரம்பரியப் பாணி’ என்ற பெயரில் இடம்பெறுகின்றன.

இந்த அலங்காரத்தில் மரபு என்பது எதில் இருக்கிறது? பொருளிலா, அதில் வரைந்த வடிவத்திலா, அவற்றை வீட்டுக்குள் வைத்த முறையிலா? மரபு பொருளில்தான் இருக்கிறது என்று கொண்டால், பழைய வீட்டைப் பிரித்துத் தூணையும் கதவையும் எடுத்துச் செல்வதே மரபைக் கொண்டுசெல்லும் வழியாகிவிடும். வைத்த முறையில் இருக்கிறது என்று கொண்டால், பழைய தூண் ஒன்றுகூட இல்லாத சிறிய வீட்டிலும் அந்த மரபைத் தொடர முடியும். எனவே இக்கேள்விக்குத் தரப்படும் விடை, நிற்கும் வீடுகளின் ஆயுளையும் உயிரோடிருக்கும் கைத்தொழில்களின் எதிர்காலத்தையும் பாதிக்கக்கூடியது.

2. இதுவரையான பார்வைகள்

செட்டிநாட்டு வீடுகள் குறித்த பேச்சில் இரண்டு பார்வைகள் ஓங்கியுள்ளன. முதலாவது, பாரம்பரியப் பெருமைப் பார்வை. சுற்றுலாக் கையேடுகளும் உள் அலங்கார இதழ்களும் இவ்வீடுகளைத் தொன்மையான தமிழ்க் கட்டடக் கலையின் தொடர்ச்சியாகக் காட்டுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நகரத்தார் பாண்டிய நாட்டுக்குப் பெயர்ந்த வரலாற்று நினைவு இதற்குப் பின்புலமாகிறது. எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி ஆகியோர் உருவாக்கி 2000-இல் வெளிவந்த ‘தி செட்டியார் ஹெரிட்டேஜ்’ என்ற நூல், வீட்டையும் சடங்கையும் சமையலையும் கைவினையையும் ஒரே பண்பாட்டின் உறுப்புகளாக ஆவணப்படுத்தியது. பின்வந்த பொதுவெளி எழுத்துகள் பெரும்பாலும் அந்த ஆவணத்தின் நுணுக்கத்தை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டன.

இரண்டாவது, செல்வக் காட்சி என்ற பார்வை. இதன்படி இவ்வீடுகள் காலனியப் பொருளாதாரத்தில் வட்டித் தொழிலால் திரண்ட செல்வத்தின் வெளிப்பாடு. அலங்காரம் என்பது இறக்குமதிப் பொருள்களின் குவியல். டேவிட் ரட்னரின் 1994-ஆம் ஆண்டு நூலான ‘காஸ்ட் அண்ட் கேப்பிட்டலிசம் இன் கலோனியல் இந்தியா’, நகரத்தாரின் வங்கித் தொழில், சாதி அமைப்பு, கோயில் கொடை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவை என்று நிறுவியது. அந்த வாதத்தின் வழியே பார்த்தால், வீட்டின் முகப்பும் குடும்பத்தின் நாணயத்தைக் காட்டும் சான்றாகவே தெரியும்.

இரண்டு பார்வைகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பொருளையே மையமாகக் கொள்கின்றன. ஒன்று அப்பொருளைத் தொன்மை என்கிறது. மற்றது அந்நியம் என்கிறது. பொருள்கள் வீட்டின் எந்த இடத்தில், எந்த வரிசையில், எவ்வளவு அமர்ந்தன என்பதை இரண்டுமே போதுமான அளவு கேட்பதில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்க்கப்பட்டபோது, தனி வீட்டைவிட ஊரமைப்பும் பண்பாடுகளின் கலப்பும் முன்வைக்கப்பட்டன. அந்தத் திசையே இக்கட்டுரைக்கும் பயன்படுகிறது.

3. காலச் சான்று

1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைக் கைப்பற்றினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலத்து அரிசி உலகச் சந்தைக்குச் சென்றது. அந்தச் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நகரத்தார். இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்களுடைய கடைகள் இயங்கின. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. 1948-இல் பர்மா விடுதலை பெற்று நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. அத்துடன் பெருவீடு கட்டும் காலம் முடிந்தது.

ஆக, இன்று காணும் பெருவீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பொருள்களின் காலமும் இதை உறுதிசெய்கிறது. ஆத்தங்குடிக் கல்லுக்கு சிமென்ட் வேண்டும். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824-இல். சென்னையில் சிமென்ட் தயாரிக்கும் முயற்சி 1904-இல் நடந்தது. போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1914-இல். பட்டாலை என்னும் முன்கூடத்தின் சுவர்களில் தொங்கும் தெய்வப் படங்களுக்கு முன்மாதிரி தந்த ரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் தொடங்கியது 1894-இல். ஜப்பானியப் பூ ஓடுகள் முதல் உலகப் போரையொட்டியே பெருமளவில் இந்தியாவுக்கு வந்தன. கட்டங்களும் வளைகோடுகளும் கொண்ட ஆர்ட் டெக்கோ மாடி முகப்புகள் இவற்றுக்கெல்லாம் பிந்தியவை.

ஆகவே, பொருளை வைத்துத் தொன்மை பேசுவதற்குக் காலச் சான்று இடம் தரவில்லை. செட்டிநாட்டின் ‘பழமையான’ தரை பலவிடங்களில் நூறாண்டைத்தான் ஒட்டி நிற்கிறது. எனினும் வீட்டின் அடிப்படை அமைப்பு இந்தக் காலத்தில் தோன்றியதன்று. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசை, தாழ்வாரம், முன்னால் திண்ணை என்ற அமைப்பு தஞ்சைச் சமவெளியிலும் கேரளத்து நாலுகெட்டிலும் வேறு வேறு வடிவில் வழங்கியது. புதிய பொருள்கள் அனைத்தும் இந்தப் பழைய அமைப்புக்குள்தான் வந்து அமர்ந்தன. அவை அமர்ந்த விதத்தை அடுத்துக் காணலாம்.

4. கட்டுகளின் வரிசை, அலங்காரத்தின் வரிசை

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி என்று பகுதிகள் ஒரே நேர்க்கோட்டில் அமையும். வாசலில் நிற்பவரின் பார்வை நிலைவாசல்களுக்குள் நிலைவாசலாகப் பின்கட்டு வரை செல்லும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஆண்மக்களின் குடும்பங்களுக்கு உரியவை. கோயில் கணக்கில் ஒவ்வொரு மணமான குடும்பமும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு வீட்டில் உள்ள இடம், அதன் பொருள்களையும் சீர்வரிசையையும் வைக்கும் அந்த அறைதான்.

அலங்காரம் இந்த நேர்க்கோட்டில் படிப்படியாகக் குறைந்துகொண்டே செல்கிறது. முகப்பின் மேல் சுதை உருவங்கள்: நடுவில் யானைகள் நீராட்டும் கஜலட்சுமி, இருபுறமும் தெய்வங்கள், சில வீடுகளில் காவலாக நிற்கும் ஐரோப்பியச் சிப்பாய்கள். நிலைவாசலில் ஆசாரிகள் செதுக்கிய கொடி, யாளி, கிளி, தெய்வ உருவம். திண்ணையிலும் முகப்புக் கூடத்திலும் தேக்கு அல்லது கருங்கல் தூண்கள். பட்டாலையில் பளிங்குத் தரை, நிலைக்கண்ணாடி, சரவிளக்கு, வண்ணம் தீட்டிய மேற்கூரை. வளவுக்குள் நுழைந்ததும் தூண்கள் எளிமையாகின்றன. வண்ணம் விளிம்புகளில் மட்டும் நிற்கிறது. இரண்டாங்கட்டில் சாப்பாடு நடக்கும். மூன்றாங்கட்டிலும் அடுப்படியிலும் தரை கல்லாகவோ வெறும் பூச்சாகவோ இருக்கும்; தூண்களில் வேலைப்பாடு இராது. அங்கே அம்மி, ஆட்டுரல், குழுதாடி (நீர்த்தொட்டி), கிணறு ஆகியவற்றின் பயன்பாடே இடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

இந்தப் படிநிலைக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். விருந்தினரும் தொழில் உறவினரும் காணும் இடத்தில் செலவைக் குவித்தார்கள் என்பது ஒன்று. சடங்கின் முக்கியத்துவமே அலங்காரத்தின் அளவுகோல் என்பது மற்றொன்று. பட்டாலை தொழில் பேசும் இடமாக இருந்ததும் திருமணத்தின் கூட்டம் அங்கே நிறைந்ததும் முதல் விளக்கத்தை வலுப்படுத்துகின்றன. ஆனால் குடும்பத்தினர் மட்டும் புழங்கும் வளவிலும், குலதெய்வ வழிபாடும் படைப்பும் நடக்கும் பகுதியின் நிலைவாசல் தனிக் கவனத்தோடு செதுக்கப்பட்டிருப்பதை முதல் விளக்கத்தால் மட்டும் விளக்க முடியாது. வெளிமதிப்பும் சடங்கும் சேர்ந்தே அலங்காரத்தின் இடத்தைத் தீர்மானித்தன என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இந்த வரிசை சமத்துவமானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அலங்காரம் மிகுந்த முன்பகுதி ஆண்களின் இடம். அலங்காரம் குறைந்த பின்பகுதி பெண்களும் வேலையாள்களும் உழைத்த இடம். திண்ணையைத் தாண்டி யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைச் சாதி வரையறுத்தது. வண்ணத்தின் ஏற்றத்தாழ்வு சமூக ஏற்றத்தாழ்வையும் தாங்கியிருந்தது. மரபைப் போற்றும் எழுத்துகள் இதைக் கடந்துபோவது நேர்மையாகாது.

5. சுவர்: வெண்மையின் வேலை

செட்டிநாட்டு வீட்டின் வண்ணத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் சுவரின் வெண்மையைக் கவனிப்பதில்லை. உட்சுவர்களின் பெரும்பரப்பு வெள்ளை. அந்த வெள்ளை இருப்பதால்தான் தரையின் சிவப்பும் பச்சையும், மேற்கூரையின் நீலமும், சன்னல் கண்ணாடியின் மஞ்சளும் தனித்துத் தெரிகின்றன.

முட்டைப் பூச்சு என்று வழங்கும் இந்தச் சுவர்ப்பூச்சு பல அடுக்குகளால் ஆனது. முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த கரடான பூச்சு. அதன்மேல் மேலும் மேலும் நுண்மையான அடுக்குகள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலும் சுண்ணாம்பில் சேர்க்கப்பட்டன. மேலடுக்குக்கு நீண்ட நாள் நீரில் ஊறி, வெண்ணெய் போல அரைபட்ட சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்தன. பூச்சு இறுகும் முன்பே வழவழப்பான கல்லால் விடாமல் தேய்க்கப்பட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லின் தன்மையை அடையும். வெண்கருவின் புரதம் துகள்களைப் பிணைக்கும். தேய்ப்பு நுண்துளைகளை மூடிப் பளபளப்பைத் தரும். 

இந்த நுட்பம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்த சென்னைப் பூச்சு 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியரின் வியப்பைப் பெற்றது. ராஜஸ்தானின் அராயிஷ் பூச்சும் இதே இனத்தைச் சேர்ந்தது. செட்டிநாடு இதைப் பயன்படுத்திய விதத்தில்தான் தனித்தன்மை உண்டு. ராஜஸ்தானின் ஷெகாவதி வட்டாரத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மார்வாடி வணிகர்களும் வெளியூர்களில் பொருளீட்டிச் சொந்த ஊரில் பெருவீடு கட்டியவர்களே. அவர்கள் சுவரின் உள்ளும் புறமும் ஓவியங்களால் நிரப்பினர். நகரத்தார் சுவரின் நடுப்பரப்பை வெறுமையாக விட்டனர். ஓடு பதித்த கீழ்ப்பட்டை, வண்ணம் தீட்டிய மேற்பட்டை ஆகிய இரண்டுக்கும் இடையில் வெள்ளை. ஒரே வகையான செல்வம் இரண்டு வட்டாரங்களில் இரண்டு வேறு அலங்கார ஒழுங்குகளை உருவாக்கியிருப்பது, பணத்தை மட்டும் காரணமாகக் காட்டும் பார்வையின் போதாமையைக் காட்டுகிறது.

வெண்மைக்குத் தட்பவெப்பக் காரணமும் உண்டு. செட்டிநாடு மழை குறைந்த, வெயில் கடுமையான வறள்நிலம். பருத்த சுவரும் நாட்டோட்டுக் கூரையும் வெப்பத்தைத் தடுக்கின்றன. ஒளி பெரும்பாலும் முற்றத்தின் வழியே வருகிறது. பளபளக்கும் வெள்ளைச் சுவர் அந்த ஒளியைத் தாழ்வாரத்தின் உட்புறம் வரை கொண்டுசேர்க்கிறது. வெண்சுவருக்கு அழகுக்கு முன்னரே இப்படி ஒரு வேலை அமைந்துவிடுகிறது.

6. தரை: ஆத்தங்குடிக் கல்

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கழுவித் துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சதுரச் சட்டம் வைக்கப்படுகிறது. சட்டத்துக்குள் பூவடிவ அச்சு இறங்குகிறது. சிமென்டும் நுண்மணலும் ஆக்சைடு வண்ணமும் கலந்த நீர்க்குழம்பு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றப்படுகிறது. அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மேலே உலர்ந்த மணல்-சிமென்ட் கலவை தூவப்பட்டு ஈரத்தை உறிஞ்சுகிறது. பிறகு கெட்டிக் கலவை நிரப்பி மட்டப்படுத்தப்படுகிறது. இறுகிய கல்லைத் தொட்டி நீரில் சில நாள் ஊறவைத்து உலர்த்துகின்றனர். கண்ணாடி தானே பிரிந்து வரும். அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் பதிந்திருக்கும். 

சிமென்டால் பூத்தரை செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் உருவானது. 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்சிலோனா நிறுவனம் ஒன்று அதைக் காட்சிக்கு வைத்தது. அங்கே நீரழுத்த இயந்திரம் கல்லை இறுக்கியது. இந்தியாவில் 1922-இல் பம்பாயில் தொடங்கிய பாரத் ஃபுளோரிங்ஸ், இறக்குமதி ஓட்டுக்கு மாற்றாகச் சுதேசி உணர்வோடு இவ்வகைக் கற்களைச் செய்தது. ஆத்தங்குடியில் இயந்திர அழுத்தத்தின் இடத்தைக் கண்ணாடியும் கைத்திறனும் பிடித்தன; உள்ளூர் மணல் அதற்கு ஏற்றதாக இருந்தது. வெளியிலிருந்து வந்த கருத்து, உள்ளூர் வசதிக்கேற்ப எளிய கருவிகளால் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லைக் கோலத்தின் நிலைத்த வடிவம் என்று சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. இந்தக் கருத்து வடிவ ஆய்வில் முழுமையாக நிற்கவில்லை. புள்ளிக் கோலம் புள்ளிகளைச் சுற்றி ஓடும் கோட்டால் ஆனது. பூக்கல் நிறம் நிரப்பிய பரப்புகளால் ஆனது. ஒரே சதுரம் திரும்பத் திரும்ப வந்து வடிவத்தை முழுமையாக்குகிறது. அதன் பூக்களும் நட்சத்திரங்களும் பெரும்பாலும் ஐரோப்பியப் பூத்தரைகளின் உறவினர்கள். ஆனால் கல்லைப் பாவும் முறையில் ஓர் உள்ளூர் ஒழுங்கு தெரிகிறது: நடுவில் பூக்களம், சுற்றிலும் ஒற்றை நிறக் கரை, வாசற்படியை ஒட்டித் தனிப் பட்டை. உடலும் கரையும் முந்தியும் என்ற சேலையின் பகுப்பை அறிந்த கண்களுக்கு இந்த அமைப்பு இயல்பானது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் அழுத்தமான அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகிய சில நிறங்களுக்குள் நின்று, கட்டத்தாலும் அகன்ற கரையாலும் அழகு பெறுகிறது. நேரடித் தாக்கத்துக்குச் சான்று காட்ட இயலாவிட்டாலும், குறைந்த நிறம், தெளிந்த கரை என்ற சுவை இரண்டுக்கும் பொது.

7. ஒரே ஓடு, வேறு வேறு வீடுகள்

சுவரின் கீழ்ப்பட்டையில் பதித்த மெருகு ஓடுகள் இந்த ஆய்வுக்கு மிகப் பொருத்தமான சோதனைப் பொருள். 1840-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற உலர்தூள் அழுத்த முறை, ஓடுகளைப் பெருமளவில் செய்ய வழிவகுத்தது. புடைத்த கோடுகள் வண்ண மெருகுகள் ஒன்றோடொன்று கலவாமல் தடுத்தன. ஜப்பானின் அவாஜித் தீவிலும் நகோயாவிலும் இருந்த ஆலைகள் இந்த ஆங்கில ஓட்டை முன்மாதிரியாகக் கொண்டன. முதல் உலகப் போரில் ஐரோப்பிய ஏற்றுமதி தளர்ந்தபோது ஜப்பானிய ஓடு ஆசியச் சந்தையைப் பிடித்தது. இந்தியாவுக்கென்றே கண்ணன், இலட்சுமி, சரஸ்வதி உருவங்கள் கொண்ட ஓடுகளையும் அவ்வாலைகள் செய்தன. அவற்றின் முன்மாதிரி இங்கே வீடுதோறும் தொங்கிய அச்சுப் படங்கள்.

அதே காலத்து அதே வகை ஓடுகள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பெரனாக்கன் சீனரின் வீடுகளில் உள்ளன. அங்கே அவை தெருவைப் பார்த்த சுவரில், சன்னலுக்குக் கீழே பதிந்தன. தைவானில் பழைய பாணி வீடுகளின் கூரை முகட்டையும் முகப்பையும் அவை அலங்கரித்தன. செட்டிநாட்டில் பூ ஓடுகள் பட்டாலையிலும் வளவிலும் சுவரின் கீழ்ப்பட்டையாயின. தெய்வ ஓடுகள் பெரும்பாலும் கண்மட்டத்துக்கு மேலேயே இடம்பெற்றன. கால்படும் உயரத்தில் தெய்வ உருவம் வரக்கூடாது என்ற எண்ணம் வணிகப் பொருளின் இடத்தை மாற்றியமைத்தது. ஓடு ஒன்றே, அது எங்கே அமரவேண்டும் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கப்படி முடிவுசெய்தது. மரபு வைக்கும் முறையில் இருக்கிறது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

8. அழியும் அலங்காரம்

மரம், கல், ஓடு ஆகியவற்றை மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வு, வீட்டு அலங்காரத்தின் பாதியை விட்டுவிடுகிறது. மறுபாதி சில மணி நேரமோ சில நாளோ மட்டும் நிற்பது. பெரும்பாலும் பெண்கள் செய்வது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, விரல் வழியே இழைகளாக இறக்கும் நடுவீட்டுக் கோலம் செட்டிநாட்டுக்கு உரியது. பொங்கலிலும் திருமணத்திலும் அது போடப்படும். நேர்க்கோடுகளும் கட்டங்களுமான அதன் அமைப்பும், சுற்றிலும் இழுக்கும் காவிப் பட்டையும் வெள்ளை-சிவப்பு என்ற இரு நிறத்தில் முழு அலங்காரத்தையும் முடித்துவிடுகின்றன.

மாவிலைத் தோரணம், வாழை, தென்னங்குருத்து வேலைப்பாடு, சாயமேற்றிய பனையோலையில் முடைந்து மணியும் நூலும் கோத்த கொட்டான் ஆகியவையும் இதில் அடங்கும். கொட்டான் முடையும் கலை மங்கியபோது, விசாலாட்சி ராமசாமி தலைமையேற்ற எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து அதை மீட்டது.

இந்த அழியும் அலங்காரமும் நிலைத்த அலங்காரமும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்கின்றன. பூக்கல் பாவிய தரையில் மாக்கோலம் எடுபடாது. வாசல், வளவின் கல்தளம், வழிபாட்டிடம் ஆகிய வெறுமையான பரப்புகளே கோலத்துக்கு ஏற்றவை. எல்லாப் பரப்பையும் வண்ணத்தால் நிரப்பிவிட்ட வீட்டில் பண்டிகைக்குச் செய்ய ஒன்றும் மீதமிருக்காது. வெறும் பரப்பை விட்டுவைப்பதும் அலங்காரத் திட்டத்தின் பகுதி என்பதைச் செட்டிநாட்டு வீடு கற்பிக்கிறது.

9. இன்றைய நிலையும் பயன்பாடும்

ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் உரிமையாளர்கள். பங்காளிகள் பல நாடுகளில் வாழ்கின்றனர். பராமரிப்புச் செலவு பெரிது. ஒருமித்த முடிவு அரிது. இக்காரணங்களால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன; பல பிரிக்கப்பட்டன. பிரித்த வீடுகளின் கதவும் தூணும் கண்ணாடியும் எனாமல் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி உயிர்பிழைத்தன. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம், செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றின் பகுதிகளைப் பெயர்த்து மறுபடி எழுப்பிக் காட்டுகிறது. 

பெயர்க்கப்பட்ட பொருள் அருங்காட்சியகத்தில் தன் வரிசையைத் தக்கவைத்துக்கொள்கிறது: நிலைக்குப் பின் பட்டாலை, பட்டாலைக்குப் பின் வளவு. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் கூரையைத் தாங்காத தூணாக அது நிற்கும்போது அந்த வரிசை அறுந்துபோகிறது. மரபைப் பொருளாகக் கருதியதன் விளைவு இது.

மரபை முறையாகக் கருதினால், சிறிய வீட்டுக்கும் பொருந்தும் நெறிகள் சில கிடைக்கின்றன. 

முதலாவது, படிநிலை: எல்லா அறைக்கும் ஒரே அளவு அலங்காரம் வேண்டியதில்லை, வாசலும் கூடமும் நிறைவாக, உள்ளறைகள் எளிமையாக அமையலாம். பெண்கள் உழைக்கும் இடத்துக்கு அழகை மறுத்த பழைய வழக்கத்தை மட்டும் கைவிட்டு, அடுப்படிக்கும் ஒளியும் நல்ல தரையும் தர வேண்டும். 

இரண்டாவது, பரப்புப் பங்கீடு: தரையில் பூவடிவம் என்றால் சுவர் வெறுமையாக இருக்கட்டும், சுவரும் தரையும் ஒருசேரப் பேசினால் இரண்டும் கேட்காது. 

மூன்றாவது, கரை: பூக்கல்லைச் சுவர் முதல் சுவர் வரை நிரப்பாமல் ஒற்றை நிறக் கரைக்குள் நிறுத்தினால் சிறிய அறையும் ஒழுங்குபெறும். 

நான்காவது, ஒளி: நிறத்தைக் கடையின் மின்விளக்கில் தேர்வுசெய்யாமல், அது பதியப்போகும் அறையின் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்வுசெய்ய வேண்டும். 

ஐந்தாவது, பொருளின் இயல்பு: ஆத்தங்குடிக் கல் சிமென்ட் என்பதால் புளி, எலுமிச்சை, அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் ஆகியவை அதை அரிக்கும்; நீரால் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்துதான் அது மெருகேறும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு உரியும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

10. முடிவு

செட்டிநாட்டு வீட்டின் பொருள்கள் பெரும்பாலும் அவற்றின் காலத்தில் புதியவை. பல கடல்கடந்து வந்தவை. அவற்றைத் தொன்மை என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவற்றை வெறும் செல்வக் குவியல் என்பதும் சான்றுகளுக்குப் பொருந்தாது. கட்டுகளின் வரிசை, வெண்சுவரின் இடைவெளி, கரைகட்டிய தரை, தெய்வ உருவத்துக்குரிய உயரம், கோலத்துக்கென விட்ட வெறும் பரப்பு ஆகியவற்றால் ஆன ஒழுங்கு ஒன்று, வந்த பொருள்கள் அனைத்தையும் தனதாக்கிக்கொண்டது. அந்த ஒழுங்கே மரபு.

இந்த முடிவிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. நிற்கும் வீடுகள் முழு வீடுகளாகக் காக்கப்பட வேண்டும். அவற்றின் உறுப்புகளை விலைக்கு வாங்குவோர் ஒரு வீட்டின் அழிவுக்குத் துணைபோகின்றனர். புதிய வீடு கட்டுவோர் இன்று தொழில் செய்யும் ஆத்தங்குடிக் கல் தொழிலாளிக்கும், சுண்ணாம்புப் பூச்சறிந்த கொத்தனாருக்கும், மர வேலை ஆசாரிக்கும், கொட்டான் முடையும் பெண்ணுக்கும் புதிய வேலை தர வேண்டும். பெருவீடுகளை எழுப்பிய தலைமுறை தன் காலத்துக் கைகளையும் தன் காலத்துப் பொருள்களையும் நம்பியே கட்டியது. அதைப் பின்பற்றுவோர் அந்த நம்பிக்கையையும் சேர்த்தே பின்பற்ற வேண்டும்.